மேற்கோள் எண்ணிக்கையும் எச்-இன்டெக்ஸும்: துறைக்குத் துறை ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு நூலகம் ஒன்றில் வேலை எனக்கு. யாராவது பதவி உயர்வுக்கோ நிதிக்கோ விண்ணப்பித்தால், "இவர் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார், மேற்கோள் எத்தனை, எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்டு ஆள் வரும். எண்களை எடுத்துக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அந்த எண்கள் எதைச் சொல்லவில்லை என்று விளக்க அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளை மிச்சப்படுத்தத்தான், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேற்கோள்களை எண்ணும் வழக்கம் எப்படித் தொடங்கியது?

ஆளை அளப்பதற்காக இல்லை, கட்டுரையைத் தேடுவதற்காக. 1955-இல் யூஜின் கார்ஃபீல்ட் 'சயின்ஸ்' இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு கட்டுரையைப் பிற்காலத்தில் யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியல் போட்டு வைத்தால், அந்தக் கருத்து பிறகு என்ன ஆனது என்று பின்தொடரலாம், தவறான ஆய்வு கேள்வி கேட்பாரின்றிப் பரவுவதையும் தடுக்கலாம் என்றார். வழக்கறிஞர்களிடம் இப்படி ஒரு ஏற்பாடு முன்பே இருந்தது. பழைய தீர்ப்பு ஒன்று பின்னால் வந்த வழக்குகளில் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று காட்டும் ஷெப்பர்ட்ஸ் அட்டவணை 1873 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் இருந்தது. கார்ஃபீல்ட் அதைப் பார்த்துத்தான் அறிவியலுக்குக் கொண்டுவந்தார். 'சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' 1964-இல் வெளிவந்தது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ஷெப்பர்ட்ஸ் அட்டவணையில் 'ஏற்கப்பட்டது', 'தள்ளப்பட்டது' என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கும். அறிவியல் அட்டவணையில் அது இல்லை. புகழ்ந்தாலும் ஒன்று, மறுத்தாலும் ஒன்று.

எச்-இன்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது?

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு இது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். வரிசை எண் அளவுக்காவது மேற்கோள் இருக்கும் கடைசிக் கட்டுரையின் வரிசை எண்தான் எச். ஒருவருடைய ஏழு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 6, 5, 5, 1 என்று மேற்கோள்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து இருக்கிறது. ஆறாவதுக்கு ஆறு இல்லை. ஆகவே எச் 5.

இப்போது முதல் கட்டுரைக்கு 40-க்குப் பதில் 900 மேற்கோள் வந்ததாக மாற்றுங்கள். எச் அப்போதும் 5தான். உலகமே பயன்படுத்தும் ஒரு முறையைக் கண்டுபிடித்தவருக்கும், சுமாராக ஓடிக்கொண்டிருப்பவருக்கும் ஒரே எண்.

இன்னொரு வேடிக்கை உண்டு. மொத்த மேற்கோள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 0.54-ஆல் பெருக்கினால், பெரும்பாலானவர்களுக்கு எச் ஏறக்குறைய வந்துவிடும் என்று கணிதவியலாளர் அலெக்சாண்டர் யோங் 2014-இல் காட்டினார். மேலே உள்ளவருக்கு மொத்தம் 88. வர்க்கமூலம் 9.4, பெருக்கினால் 5.1. அதாவது பலருடைய விஷயத்தில் எச்-இன்டெக்ஸ் புதிதாக எதையும் சொல்வதில்லை. மொத்த மேற்கோளையே வேறு சட்டை போட்டுச் சொல்கிறது. முதல் கட்டுரைக்கு 900 வாங்கியவருக்கு இந்தச் சூத்திரம் 16-க்கு மேல் காட்டும், உண்மையான எச் 5. சூத்திரம் இப்படித் தவறும் இடத்தில்தான் அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்.

ஐ10, ஜி என்றெல்லாம் போடுகிறார்களே?

ஐ10 என்பது பத்து அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. கூகுள் ஸ்காலர் மட்டும் காட்டுவது. ஜி-இன்டெக்ஸ் 2006-இல் லியோ எக்ஹே கொண்டுவந்தது. அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளுக்கு எச்-ஐ விடக் கூடுதல் மதிப்பு தரும். விண்ணப்பத்தில் ஐ10-ஐ மட்டும் போட்டு எச்-ஐ விட்டிருந்தால், ஏன் விட்டார் என்று பாருங்கள்.

கூகுள் ஸ்காலர் ஓர் எண் காட்டுகிறது, ஸ்கோபஸ் அதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரி. எண்ணும் களம் வேறு. சந்தா கட்டிப் பயன்படுத்தும் தரவுத்தளங்களான ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுதிகள், சில நூல்கள் ஆகியவற்றுக்குள் மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் இணையத்தில் ஆய்வுக் கட்டுரை போலத் தெரியும் எல்லாவற்றையும் துழாவும்: முனைவர் பட்ட ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்), அறிக்கை, சில சமயம் பாடக் குறிப்புகூட. ஆகவே ஸ்காலர் எண் ஏறக்குறைய எப்போதும் பெரிது. நூல்களும் மாநாடுகளும் முக்கியமான துறைகளிலும், ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதுபவர்களுக்கும் இந்த இடைவெளி இன்னும் அகலம்.

ஸ்காலரின் தாராளத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2010-இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு கணினியியலாளர், இல்லாத ஓர் ஆளைப் படைத்தார். பெயர் ஐக் ஆன்ட்கேர். ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'எனக்குக் கவலையில்லை' என்று காதில் விழும். நிரல் எழுதிய நூறு பொய்க் கட்டுரைகள், ஒன்றையொன்று மேற்கோள் காட்டுபவை. ஆன்ட்கேரின் எச்-இன்டெக்ஸ் 94-ஐத் தொட்டது.

சந்தா கட்ட முடியாதவர்களுக்கு 2022-இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளம் நல்ல மாற்று. இலவசம், தரவையும் இறக்கிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும், எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்தில் எழுதாத எண்ணை நான் ஏற்பதில்லை. இரண்டு விண்ணப்பதாரர்களில் ஒருவருக்கு ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண்ணையும் அருகருகே வைத்து முடிவெடுத்த குழுவை நேரில் பார்த்திருக்கிறேன்.

கணிதக்காரருக்கு எச் 15, மருத்துவ ஆய்வாளருக்கு 60. மருத்துவர்தான் பெரிய ஆய்வாளரா?

அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்குத்தான் விளக்கம் நீளமாகத் தேவைப்படுகிறது.

முதல் காரணம், மேற்கோள் பட்டியலின் நீளம். கணிதக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருபது, முப்பது மேற்கோள்கள் இருக்கும். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் ஐம்பது, அறுபது சாதாரணம்; தொகுப்புரை என்றால் இருநூறைத் தாண்டும். மேற்கோள் என்பது ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்குவது. கொடுப்பவர்கள் கை இறுக்கமாக இருக்கும் துறையில் வாங்குபவர்களுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும்.

இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. புற்றுநோய் உயிரியலில் ஒரு கட்டுரையை வாசிக்கக்கூடியவர்கள் உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர். இயற்கணித வடிவியலின் ஒரு மூலையில் ஒரு தேற்றத்தைப் புரிந்துகொண்டு மேலே கொண்டுபோகக்கூடியவர்கள் ஓர் அறைக்குள் அடங்கிவிடலாம்.

மூன்றாவது, வேகம். சில துறைகளில் கட்டுரை வந்த இரண்டாம் ஆண்டே மேற்கோள் உச்சத்துக்குப் போய்விடும், ஐந்தாம் ஆண்டில் யாரும் சீண்டமாட்டார்கள். கணிதத்தில் நாற்பது ஆண்டுக்கு முந்தைய முடிவை இன்று மேற்கோள் காட்டுவது அன்றாட நடப்பு. சமூக அறிவியலிலும் வரலாற்றிலும் அப்படியே. ஐந்து ஆண்டுக் கணக்கை மட்டும் கேட்கும் படிவம் இந்த மெதுவான துறைகளைக் காரணமே சொல்லாமல் தண்டிக்கிறது.

நான்காவது, ஒரு கட்டுரையில் எத்தனை பேர். ஹிக்ஸ் துகளின் நிறையைக் கூடுதல் துல்லியமாக அளந்து 2015-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கங்கள். ஆய்வும் மேற்கோள்களும் ஒன்பது பக்கங்களில் முடிந்துவிடும், மீதி 24-உம் பெயர்களும் நிறுவனங்களும். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் 5,154 பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். தனியாக உட்கார்ந்து தேற்றம் நிறுவியவருக்கும் அதே ஒன்றுதான். துகள் இயற்பியலில் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு எச் 80 இருந்தால் மயங்காதீர்கள், பொய் என்றும் சந்தேகப்படாதீர்கள். அந்த எண் கூட்டு முயற்சியின் எண். அவர் என்ன செய்தார் என்று வேறு இடத்தில்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, எதில் வெளியிடுகிறார்கள். கணினி அறிவியலில், அதிலும் செயற்கை நுண்ணறிவில், நியூரிப்ஸ், சிவிபிஆர் போன்ற மாநாடுகள்தான் முதன்மை மேடை. ஆய்விதழ் பல நேரம் இரண்டாம் பட்சம். இலக்கியம், வரலாறு, தத்துவத்தில் நூல்தான் உழைப்பின் உச்சம். ஆய்விதழ்களை மட்டும் எண்ணும் தரவுத்தளத்தில் பதினைந்து ஆண்டு உழைத்து எழுதிய நூல் பூஜ்யமாக நிற்கும்; அதைப் பற்றி இன்னொருவர் எழுதிய இரண்டு பக்க மதிப்புரை ஒன்றாக எண்ணப்படும்.

அப்படியானால் துறைகளை ஒப்பிட வழியே இல்லையா?

ஓரளவுக்கு இருக்கிறது. ஒரு கட்டுரையின் மேற்கோளை, அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் சராசரியால் வகுப்பதுதான் அது. கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், துறையின் சராசரி 4 என்று வைத்துக்கொண்டால் விடை 3. மருத்துவக் கட்டுரைக்கு 60, சராசரி 30 என்றால் விடை 2. பார்வைக்கு ஐந்தில் ஒரு பங்கு மேற்கோள் வாங்கிய கணிதக் கட்டுரை, தன் வீட்டுக்குள் இன்னும் உயரமாக நிற்கிறது. உலகச் சராசரி 1. ஸ்கோபஸ் இதைத் துறைச் சராசரிக்கு எடையிட்ட மேற்கோள் தாக்கம் என்கிறது. மற்ற நிறுவனங்களும் வேறு பெயர்களில் தருகின்றன.

இதிலும் பள்ளங்கள் உண்டு. மேற்கோள் சமமாகப் பரவுவதில்லை. சில கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வாங்கும், பல ஒன்றிரண்டோடு நிற்கும். எட்டுக் கட்டுரைகள் எழுதிய இளைஞர் ஒருவருக்கு ஒரே ஒரு கட்டுரை பிய்த்துக்கொண்டு போனால் சராசரி ஏழு, எட்டு என்று குதிக்கும். அதனால் சராசரியைவிட, 'துறையின் முதல் 10 சதவீதத்தில் எத்தனை கட்டுரை' என்ற கணக்கை நம்பலாம் என்பது என் அனுபவம்.

இதைவிடப் பெரிய பள்ளம், எது துறை என்று யார் முடிவு செய்வது என்பது. பல தரவுத்தளங்கள் கட்டுரையைப் பார்த்துத் துறை சொல்வதில்லை, அது வந்த இதழைப் பார்த்துச் சொல்கின்றன. உயிரியல் இதழில் புள்ளியியல் முறை பற்றி எழுதினால் அது உயிரியல் கட்டுரை. அதே கட்டுரை புள்ளியியல் இதழில் வந்திருந்தால் சராசரி குறைவு, எண் கூடியிருக்கும்.

ஒருவரே நான்கைந்து துறைகளில் எழுதியிருக்கிறார். எப்படிப் பார்ப்பது?

முதலில் அவர் ஒருவர்தானா என்று பாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒரே ஆண்டில் எலும்பு அறுவை, மண் வேதியியல், கம்பியில்லாத் தொடர்பு மூன்றிலும் கட்டுரை இருந்தால், பெரும்பாலும் ஒரே பெயர் கொண்ட மூன்று பேரை மென்பொருள் ஓராளாக்கியிருக்கும். முதலெழுத்தோடு பெயர் எழுதுபவர்கள், குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாதவர்கள், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள், இவர்களுக்கு நேர் எதிரான சிக்கலும் நடக்கும்: ஓராள் நான்காக உடைந்திருப்பார். இதற்காகவே 2012-இல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. இலவசம், பதிய ஐந்து நிமிடம். இன்னும் எடுக்காதவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதை எடுத்துவிட்டு வாருங்கள்.

உண்மையிலேயே ஒருவர்தான் என்றால், மொத்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டுத் துறைவாரியாகப் பிரியுங்கள். நான் பார்த்த ஒரு பட்டியலில் இயற்பியல் கட்டுரைகள் முப்பது, நரம்பியல் கட்டுரைகள் ஐந்து. மேற்கோளில் முக்கால்வாசி அந்த ஐந்துக்கு. "இயற்பியலில் இவ்வளவு பெரிய ஆளா?" என்று குழுவில் வியந்தார்கள். அப்படி இல்லை. நரம்பியலில் மேற்கோள் காற்று பலமாக வீசுகிறது, அவர் பாய்மரத்தை அங்கே கொஞ்ச நேரம் விரித்திருக்கிறார். இயற்பியல் கட்டுரைகளைத் தனியே தன் துறைச் சராசரியோடு வைத்துப் பார்த்தபோது அவையும் நன்றாகவே இருந்தன. ஆனால் குழு வியந்தது அவற்றைப் பார்த்து இல்லை.

உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை எது? பெரிய கண்டுபிடிப்பாக இருக்குமே?

2014-இல் வெப் ஆஃப் சயின்ஸ் தரவை வைத்து 'நேச்சர்' போட்ட பட்டியலில் முதலிடம், கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க ஆலிவர் லௌரி குழு 1951-இல் எழுதிய செய்முறை. மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள்கள். இரண்டாவது, புரதங்களைப் பிரித்தெடுக்கும் ஜெல் முறை பற்றி லெம்லி 1970-இல் எழுதியது. மூன்றாவது பிராட்ஃபோர்ட், 1976, மறுபடியும் புரதம் அளப்பது. முதல் நூறுக்குள் நுழையவே 12,119 மேற்கோள் வேண்டியிருந்தது. டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன்-கிரிக் கட்டுரை (1953) அந்த நூறுக்குள் வரவில்லை.

காரணம் எளிது. செய்முறையைப் பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். பெரிய கண்டுபிடிப்போ சில ஆண்டுகளில் பாடநூலுக்குள் போய்விடும், அதன் பிறகு யாரும் மூலக் கட்டுரையைக் காட்டுவதில்லை. சார்பியலைப் பயன்படுத்தும் எத்தனை பேர் ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரையைப் பட்டியலில் போடுகிறார்கள்? ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதை 'உள்வாங்கப்பட்டு மறைதல்' என்றார். மேற்கோள் வராததற்கு வெற்றியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெயர் வரிசைக்கு என்ன பொருள்?

துறையைப் பொறுத்தது. உயிரியலிலும் மருத்துவத்திலும் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். கணிதத்திலும் கோட்பாட்டுத் துகள் இயற்பியலிலும் அகர வரிசை; பொருளியலிலும் பெரும்பாலும் அதுவே. "இவர் எதிலும் முதல் ஆசிரியராக இல்லையே" என்று ஒரு கணிதக்காரரை மருத்துவர்கள் நிறைந்த குழு கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவர் பெயர் அகர வரிசையில் கடைசியில் வருகிறது, அவ்வளவுதான்.

பட்டியலில் உள்ள எல்லாரும் மனிதர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1975-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் வந்த ஒரு கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர் எஃப்.டி.சி. வில்லார்ட் ஒரு பூனை. பூனையை வளர்த்த இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று தட்டச்சு செய்துவிட்டார், இதழ் அதை ஏற்காது என்று நண்பர் சொன்னார். முழுவதையும் மறுபடி தட்டுவதைவிடப் பூனையைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது.

இம்பாக்ட் ஃபேக்டர் உயர்ந்த இதழில் வந்தால் கட்டுரை உயர்ந்ததுதானே?

இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் இம்பாக்ட் ஃபேக்டர். அது இதழின் சராசரி. உங்கள் கட்டுரையின் எண் அல்ல. படிகவியல் இதழான ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ-வின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-இல் ஏறக்குறைய 2. அடுத்த ஆண்டு 49.9. இதழ் திடீரென்று மாறிவிடவில்லை. ஷெல்எக்ஸ் என்ற மென்பொருள் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதிய ஒரே கட்டுரையை, அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். அந்த ஆண்டு அதே இதழில் எழுதிய மற்றவர்கள் தங்கள் விண்ணப்பத்தில் 49.9 என்று போட்டுக்கொள்ளலாம், பொய்யும் ஆகாது.

துறை வேறுபாடு இங்கும் பேயாட்டம் ஆடும். கணிதத்தில் உலகின் உச்ச இதழ்களில் ஒன்றான ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸின் எண் ஒற்றை இலக்கம். ஆண்டுதோறும் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் வெளியிடும் 'சிஏ' இதழின் எண் 2021-இல் 286.

'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் ஒருவர் பெயர் வந்திருக்கிறது. பெரிய விஷயமா?

கொஞ்சம் விஷயம்தான், செய்தித் தலைப்பு சொல்லும் அளவுக்கு இல்லை. ஜான் ஐயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்து 2019 முதல் வெளியிடும் பட்டியல் அது. ஐயோனிடிஸ் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றுவதால் 'ஸ்டான்ஃபோர்ட் பட்டியல்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகம் தரும் விருது அல்ல. ஆறு அளவுகளைச் சேர்த்து ஓர் எண் ஆக்குகிறார்கள்: மொத்த மேற்கோள், எச், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச், தனியாகவும் முதலாவதாகவும் கடைசியாகவும் எழுதிய கட்டுரைகளுக்கான மேற்கோள்கள் என்று. 22 துறைகள், 174 உட்துறைகள். ஆசிரியர் வரிசையைக் கணக்கில் எடுப்பதும், சுய மேற்கோளை நீக்கிய எண்ணைத் தனியே காட்டுவதும் இதன் நல்ல பக்கம். அகர வரிசைத் துறைகளுக்கு அதே வரிசைக் கணக்கு பாதகம்.

செய்தி வந்தால் ஒன்று கேளுங்கள்: வாழ்நாள் பட்டியலா, ஓராண்டுப் பட்டியலா? இரண்டும் தனித்தனி. இரண்டாவதில் வருவது சுலபம், வந்தவர்கள் 'ஓராண்டு' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவார்கள்.

சுய மேற்கோள் தவறா?

இல்லை. நேற்று செய்த ஆய்வின் மேல்தான் இன்றைய ஆய்வு நிற்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால்தான் தவறு. சிறிய துறையில் வேறு யாரும் அந்த வேலையைச் செய்யாதபோது சுய மேற்கோள் சதவீதம் தானாகவே உயரும். நான் பார்ப்பது சதவீதத்தை அல்ல, அது எங்கே விழுகிறது என்பதை. எச் 12 உள்ள ஒருவரின் சுய மேற்கோள்கள் எல்லாம், 11, 12 மேற்கோளோடு எல்லையில் தத்தளிக்கும் கட்டுரைகளுக்கே போயிருந்தால், அது ஆய்வுத் தேவை அல்ல, தோட்டக்காரர் குறிபார்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

மேற்கோள் காசுக்குக் கிடைக்கிறது என்கிறார்களே?

கிடைக்கிறது. காசில்லாமலும் கிடைக்கிறது: நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்ற வட்டங்கள், "என் கட்டுரைகள் நான்கைச் சேர்த்தால் ஏற்கப் பரிந்துரைப்பேன்" என்று எழுதும் மதிப்பாய்வாளர்கள். கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் 'அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள்' பட்டியலில் 2023-இல் கணிதத் துறையையே விட்டுவிட்டார்கள். சராசரி குறைவான துறையில் சிறு கூட்டம் கைகோத்தால்கூட உச்சிக்குப் போய்விட முடிகிறது என்பதே காரணம். துறை வேறுபாடு ஏமாற்றுவதற்கான செலவையும் மாற்றுகிறது பாருங்கள்.

கெட்ட எண்ணமே இல்லாத குளறுபடியும் நிறைய. மேற்கோள்களில் ஒரே அச்சுப்பிழை பிரதியாகிக்கொண்டே போவதை வைத்து, மூலத்தை உண்மையில் வாசித்து மேற்கோள் காட்டுபவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான் என்று சிம்கின், ராய்சௌத்ரி இருவரும் 2003-இல் மதிப்பிட்டார்கள். இதழ் வடிவமைப்பு வார்ப்புருவில் மாதிரிக்காகப் போட்டிருந்த, உண்மையில் இல்லாத கட்டுரை ஒன்றுக்கு ஏறக்குறைய 400 மேற்கோள் சேர்ந்திருந்ததை 2017-இல் கண்டுபிடித்தார்கள். மாதிரி வரியை அழிக்க மறந்தவர்கள் அத்தனை பேர்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் மேற்கோள் கழியுமா?

கழியாது. எம்எம்ஆர் என்ற தட்டம்மைக் கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு வந்த மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில், பெரும்பகுதி மறுப்பதற்காக. எண்ணில் எல்லாம் ஒன்றாகவே கூடி நிற்கின்றன.

மேற்கோள் குறைவு என்றால் ஆய்வில் சரக்கு இல்லை என்றுதானே பொருள்?

பல நேரம் அப்படித்தான். ஆறுதலுக்காக, மரபியலுக்கு அடித்தளமிட்ட மென்டலை இழுக்க வேண்டாம். 1866-இல் வந்த அவர் கட்டுரை 1900 வரை தூங்கியது உண்மை, ஆனால் தூங்கும் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை எழுந்திருப்பதில்லை.

ஆனால் எண்ணை வைத்தே வடிகட்டினால் யாரை இழப்போம் என்பது வேறு கேள்வி. ஹிக்ஸ் துகளுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964-க்குப் பிறகு எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. 2013-இல் நோபல் வாங்கிய சமயத்தில், இன்றைய நிலையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று அவரே சொன்னார். கணிதவியலாளர் பெரெல்மான், நூறாண்டுப் புதிரான புவான்கரே ஊகத்தின் நிரூபணத்தை 2002, 2003-இல் ஆர்க்கைவ் என்ற இணையத் தளத்தில் மூன்று முன்பதிப்புகளாகப் போட்டதோடு சரி. எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை.

தேர்வுக் குழுவில் இருக்கிறேன். நாற்பது விண்ணப்பங்கள், இரண்டு நாள். எண் வேண்டாம் என்றால் என்ன செய்வது?

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் (டோரா என்பார்கள்), 2015-இன் லெய்டன் அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. முன்னது, இதழின் எண்ணை ஆளுக்குப் போடாதே என்கிறது. பின்னது, நிபுணர் தீர்ப்புக்குத் துணையாக எண் இருக்கட்டும், அதன் இடத்தில் உட்கார வேண்டாம் என்கிறது.

நடைமுறையில், ஒவ்வொருவரையும் தன் சிறந்த மூன்று கட்டுரைகளையும், அவற்றில் தன் பங்கு என்ன என்பதையும் பத்து வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாற்பது பேருக்கு 120 கட்டுரை. எல்லாவற்றையும் வாசிக்க முடியாது, சுருக்கத்தையும் முன்னுரையையும் வாசிக்கலாம், பத்துப் பேராகக் குறைந்த பிறகு முழுசாக வாசிக்கலாம். எண்களை எடுத்தால் ஒரே தளத்திலிருந்து ஒரே நாளில் எல்லாருக்கும் எடுங்கள். ஒரே துறை, ஏறக்குறைய ஒரே ஆய்வு வயது உள்ளவர்களை மட்டும் பக்கத்தில் வையுங்கள். எச்-ஐ முதல் கட்டுரையிலிருந்து கடந்த ஆண்டுகளால் வகுக்க ஹிர்ஷே ஒரு வழி சொல்லியிருக்கிறார். குழந்தை வளர்ப்பு, நோய், வேறு வேலை என்று இடையில் நின்றுபோன ஆண்டுகளை அதில் கழித்துவிட வேண்டும். எண் மிக உயரமாக இருந்தாலும் மிகத் தாழ்வாக இருந்தாலும் அது விடை இல்லை, விசாரிக்க வேண்டிய இடம்.

என் விண்ணப்பத்தில் எப்படி எழுதலாம்?

தளம், தேதி, சுய மேற்கோள் சேர்ந்ததா இல்லையா என்று ஒரே வரி. பிறகு, உங்களை மேற்கோள் காட்டியவர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு வரி. "இந்த முறையை மூன்று ஆய்வகங்கள் தங்கள் அளவீட்டுக்கு எடுத்துக்கொண்டன" என்ற வாக்கியம், "340 மேற்கோள்கள்" என்பதைவிட அதிக நேரம் வாசிக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று 19 இருந்த எச் இன்று 18 காட்டுகிறது. யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா?

எச் தானாகக் குறையாது. மேற்கோள் கூடுமே தவிர வயதாகிக் கழிவதில்லை. ஆகவே குறைந்தால் தரவுத்தளம் வீட்டைப் பெருக்கியிருக்கிறது என்று பொருள். ஒரே கட்டுரையின் முன்பதிப்பும் இதழ் வடிவமும் இரண்டாக இருந்து ஒன்றாக இணைந்திருக்கலாம். உங்களை மேற்கோள் காட்டிய ஓர் இதழைத் தளம் நீக்கியிருக்கலாம். வேறொருவரின் கட்டுரை உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்து இப்போது உரியவரிடம் போயிருக்கலாம். ஸ்காலரில் என்றால் உங்கள் பக்கத்தின் கட்டுரைப் பட்டியலை 18, 19, 20-ஆம் இடங்களில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். ஸ்கோபஸ் என்றால் ஆசிரியர் விவரத் திருத்தப் படிவம் இருக்கிறது, கட்டுரைத் தலைப்போடு எழுதி அனுப்புங்கள்.